கியூபாக்காரரின் இராச்சாப்பாடும் இல்லாத காலத்துச் சமையலும்

கியூபா என்றால் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வருவது மூன்று விசயம். பிடல் காஸ்ட்ரோ, சே குவேரா, சுருட்டு. சுருட்டுக் கொட்டில்களைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு மூன்றாவதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. ஆனால் அந்த நாட்டுச் சனம் பின்னேரம் வேலையால் வந்து அடுப்பில் எதை ஏற்றுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல எங்களில் அதிகம் பேர் இல்லை. இந்தப் புத்தாண்டு மலரில் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சமையல் குறிப்பும் இடையில் வரும். என்றாலும் இது வரலாற்றுக் கட்டுரைதான். அவர்களின் சட்டிக்குள் எந்தக் காலத்தில் என்ன விழுந்தது, என்ன விழாமல் போனது என்று பார்த்தால் அந்த நாட்டின் ஐந்நூறு வருடக் கதையும் தெரியவரும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஒரு கியூபா அக்காவால். எங்கள் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்ற்றில் நின்றவ. 1980களில் கிழக்கு ஜேர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவ. அந்தக் காலத்தில் கியூபா, வியட்நாம், மொசாம்பிக் போன்ற நாடுகளில் இருந்து கிழக்கு ஜேர்மன் தொழிற்சாலைகளுக்கு ஆக்களை எடுத்தார்கள். 1989 இல் பேர்லின் சுவர் விழுந்த பிறகு பெரும்பாலான கியூபாக்காரர் திரும்பிப் போய்விட்டார்கள். இந்த அக்கா இங்கேயே நின்றுவிட்டா. சனிக்கிழமைகளில் அவவை எங்கட தமிழ்க் கடையில் காணலாம். வாழைக்காய், உறைய வைத்த மரவள்ளி, வெண்டிக்காய், மாம்பழம் என்று அவ கூடையில் போடுவதும் நாங்கள் போடுவதும் ஒன்றாகவே இருக்கும். "உங்கட கடைதான் எனக்கு ஊர்க் கடை" என்று சொல்லுவா. அவ சொல்லித்தந்த சாப்பாட்டை நாங்கள் இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு இரவு வீட்டில் சமைக்கிறோம்.

ஒரு பானைக்குள் பல நாடு

கியூபா இலங்கையை விடப் பெரிய தீவு. பரப்பளவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வரும். 1492 ஒக்டோபரில் கொலம்பஸ் அங்கே போய் இறங்கியபோது தாயினோ என்ற ஆதிக்குடிகள் அங்கே இருந்தார்கள். அவர்களின் முக்கிய சாப்பாடு மரவள்ளி. நஞ்சுள்ள மரவள்ளி இனத்தைத் துருவி, பிழிந்து, நஞ்சுச் சாற்றை நீக்கி, மாவைத் தட்டையான மண் ஓட்டில் பரப்பி ரொட்டியாகச் சுடுவார்கள். அதற்குப் பெயர் கசாபே. அந்த ரொட்டி இன்றும் அங்கே சுடப்படுகிறது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இடத்தில் நாங்களும் ஒன்றை நினைக்க வேண்டும். மரவள்ளி, வத்தாளை, மிளகாய், தக்காளி, சோளம், பப்பாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்துதான் எங்கட பக்கம் வந்தன. ஐரோப்பியரின் கப்பல்கள் கொண்டுவந்தவை. அதேபோல நெல், கரும்பு, வாழை, மா எல்லாம் ஆசியாவில் இருந்து அந்தப் பக்கம் போனவை. ஒரு தமிழ்க் கடையில் கியூபா அக்காவுக்கு ஊர்ச் சாமான் கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கொடுக்கல் வாங்கல் பழையது.

1511 இல் ஸ்பானியர் தீவில் குடியேறத் தொடங்கினார்கள். மாடு, பன்றி, அரிசி, உள்ளி, வெங்காயம், சின்னச்சீரகம் அவர்களோடு வந்தன. ஆதிக்குடிகள் நோயாலும் கொடுமையாலும் அழிந்துபோக, வேலைக்கு ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளைப் பிடித்து வந்தார்கள். அப்படிக் கியூபாவில் இறக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். அவர்களில் பெரும் பகுதி கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே அவர்களுக்குக் கிடைத்தது சோளமாக் களி, வாழைக்காய், உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி, உப்புக் கருவாடு. வெண்டிக்காயும் ஆபிரிக்கரோடு வந்ததுதான். கியூபாவில் அடிமைத்தனம் முற்றாக ஒழிக்கப்பட்டது 1886 இல்.

அதற்கு முன்னரே, 1847 இல், முதலாவது கப்பல் சீனக் கூலித் தொழிலாளரை ஹவானாவில் இறக்கியது. 1874 வரை ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் பேர் அளவில் போனார்கள். எட்டு வருட ஒப்பந்தம். எங்கட மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் இருந்து சனங்களை நடத்திக் கூட்டிவந்த காலமும் அதுதான். சீனர் வந்த பிறகு சோறு கியூபாவில் இன்னும் வேரூன்றியது. சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரி இல்லை என்று கியூபாக்காரர் சொல்வார்கள். இது எங்களுக்குப் புதிய பேச்சா?

பெர்னாண்டோ ஓர்ட்டிஸ் என்ற கியூபா அறிஞர் 1939 இல் ஹவானா பல்கலைக்கழகத்தில் பேசியபோது, கியூபாவை அகியாக்கோ என்ற சாப்பாட்டுக்கு ஒப்பிட்டார். அகியாக்கோ என்பது கிழங்குகள், சோளம், வாழைக்காய், இறைச்சி எல்லாம் போட்டுக் கொதிக்க வைக்கும் தடித்த சூப். எங்கட ஒடியல் கூழை நினைத்துக்கொள்ளுங்கள், பிடிபடும். அடுப்பை விட்டு இறக்காத பானை, ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் வந்து ஒன்றைப் போடுகிறார், சில துண்டு கரைந்துவிட்டது, சில துண்டு இன்னும் கரையவில்லை. இதுதான் அவர் சொன்ன கருத்து.

சட்டியில் முதல் விழுவது

கியூபாவின் அன்றாட இராச்சாப்பாடு சோறும் கறுப்பு பீன்சும். இரண்டையும் ஒன்றாகச் சமைத்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் 'மூர்களும் கிறிஸ்தவர்களும்'. மூர்கள் என்றால் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள். கறுப்பு பீன்ஸ் மூர்கள், வெள்ளைச் சோறு கிறிஸ்தவர்கள். ஸ்பெயினில் அவர்களின் கடைசி இராச்சியமான கிரனாடா விழுந்ததும் 1492 தான், கொலம்பஸ் புறப்பட்டதும் அதே வருடம்தான். தீவின் கிழக்குப் பக்கம் சிவப்பு பீன்சில் இதைச் செய்து கொங்ரி என்பார்கள். ஓர்ட்டிஸ் சொல்வதன்படி இந்தச் சொல் ஹெயிட்டியில் இருந்து வந்தது. பீன்சுக்குக் கொங்கோ, அரிசிக்கு ரி. ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த காலத்தில் அங்கிருந்து கிழக்குக் கியூபாவுக்குச் சனம் வந்தது. ஒரு கோப்பைச் சோற்றின் பெயருக்குள்ளே எத்தனை போர், எத்தனை இடப்பெயர்வு என்று பாருங்கள்.

செய்முறை கடினம் இல்லை. கறுப்பு பீன்சை இரவே ஊறப்போட வேண்டும். அடுத்த நாள் பாதிப் பச்சைப் பப்ரிக்காவும், இங்கே லோர்பேர் என்று விற்கிற இலை ஒன்றும் போட்டு மெதுவாக அவிக்க வேண்டும். நன்றாக மெத்தென்று வந்த பிறகுதான் உப்பு. வேறொரு சட்டியில் எண்ணெய் விட்டு, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சைப் பப்ரிக்கா, உள்ளி மூன்றையும் வதக்கி, சின்னச்சீரகத் தூளும், பீற்சாவுக்குப் போடுகிற ஒரேகானோ இலையும் சேர்க்க வேண்டும். இதற்குப் பெயர் சொப்ரித்தோ. எங்கட தாளிதம் போலத்தான், ஆனால் கடைசியில் கொட்டுவதில்லை, பெரும்பாலும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். இதற்குள் அவிந்த பீன்ஸ் ஒரு அகப்பை போட்டு மசித்து, எல்லாவற்றையும் மற்றச் சட்டிக்குள் ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். இறக்கும்போது கொஞ்சம் வினாகிரி, ஒரு சிட்டிகை சீனி. சோற்றோடு சேர்த்துச் செய்வதானால் பீன்ஸ் அவித்த கறுப்புத் தண்ணீரை வெளியே ஊற்றக்கூடாது. அரிசி அந்தத் தண்ணீரில்தான் வேக வேண்டும்.

பக்கத்தில் வைக்க வாழைக்காய். தடிப்பாக வெட்டி ஒருமுறை பொரித்து, எடுத்துக் கோப்பையின் அடியால் தட்டையாக அமத்தி, திரும்பவும் பொரித்து உப்புத் தூவ வேண்டும். மரவள்ளியை அவித்து, அதன் மேல் நசுக்கிய உள்ளியும் புளித்தோடைச் சாறும் சூடான எண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள். இங்கே புளித்தோடை கிடைப்பது அரிது. தோடம்பழச் சாற்றோடு தேசிக்காய்ப் புளி கலந்தால் சரிவரும். உறைப்பு இருக்காது. எங்கட வீட்டில் பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிடுவார்கள். பெரிய ஆக்களுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைமிளகாய் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

இறைச்சியில் பெயர் போனது 'பழைய உடுப்பு' என்ற கறி. மாட்டிறைச்சியை அவித்து, நூல் நூலாகப் பிய்த்து, சொப்ரித்தோவும் தக்காளியும் சேர்த்து வதக்குவது. கிழிந்த துணி போல இருப்பதால் அந்தப் பெயர். சூப் வைத்த இறைச்சியை வீணாக்காமல் அடுத்த வேளைக்கு மாற்றும் வீட்டுக்காரியின் யோசனையாக ஸ்பெயினில் இருந்து வந்தது. மாடு சாப்பிடாத வீடுகளில் ஆட்டிறைச்சியில் செய்யலாம். கியூபாவிலேயே பல உணவகங்களில் இதை ஆட்டில் செய்து வைத்த காலம் உண்டு. அது ஏன் என்றுதான் இனிச் சொல்லப் போகிறேன்.

சங்கக்கடையும் கேள்வியைத் திருப்பிய பெண்ணும்

1959 ஜனவரி 1 அன்று புரட்சி வென்றது. அதுவரை கியூபா தன் அரிசியில் பெரும் பங்கை அமெரிக்காவில் இருந்து வாங்கியது. சீனியை விற்று அரிசி, பன்றிக்கொழுப்பு, பீன்ஸ் வாங்கிய நாடு. 1960 இல் அமெரிக்கா வர்த்தகத் தடையைத் தொடங்கி, 1962 பெப்ரவரியில் அதை முழுத் தடையாக்கியது. அடுத்த மாதமே, 1962 மார்ச் 12 அன்று, கியூபா அரசு பங்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஒரு சின்னப் புத்தகம். மாதம் ஒருவருக்கு ஆறு இறாத்தல் அரிசி. எங்கட கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் மாதிரி. 1966 இல் சீனாவோடு அரிசி விசயத்தில் முரண்பாடு வந்து அது மூன்று இறாத்தலாகக் குறைந்தது. எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், ஒருவருக்கும் போதுமானது கிடைக்காது. இதுதான் பங்கீட்டின் நன்மையும் குறையும். பணக்காரன் முழுவதையும் வாங்கி ஏழை பட்டினி கிடப்பதை அது தடுத்தது என்பதையும் மறக்கக்கூடாது.

மாட்டிறைச்சி மெல்ல மெல்லச் சாதாரண வீட்டு மேசையை விட்டுப் போனது. அரச அனுமதி இல்லாமல் தன் சொந்த மாட்டை வெட்டினாலும் சிறை என்று சட்டம் இருந்தது. 2021 இல்தான் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 'பழைய உடுப்பு' என்ற கறி, அது பிறந்து வளர்ந்த ஊரிலேயே பெயரளவில் நின்றது இப்படித்தான்.

இந்தக் காலத்தின் முக்கியமான ஆள் ஒரு அரசியல்வாதி இல்லை, ஒரு சமையல் ஆசிரியை. நிற்சா வில்லபோல். 1923 இல் நியூயோர்க்கில் கியூபாப் பெற்றோருக்குப் பிறந்து, கியூபாவில் வளர்ந்தவர். 1951 இல் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி தொடங்கினார். அது நாற்பது வருடத்துக்கு மேல் நடந்தது. அதே பெயரில் 1950களில் வந்த அவரின் புத்தகம் கியூபா வீடுகளில் இல்லாத வீடு இல்லை என்னும் அளவுக்குப் பரவியது. முதற் பதிப்புகளில் அமெரிக்கக் கம்பனிகளின் சாமான்களும் விளம்பரங்களும் இருந்தன. புரட்சிக்குப் பிறகு அந்தச் சாமான்கள் கடையில் இல்லை. பல சமையல்காரர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர் நின்றார். அவர் செய்தது ஒரு சின்ன மாற்றம். இந்தச் சாப்பாட்டுக்கு என்னென்ன சாமான் தேவை என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்குக் கிடைக்கிற சாமானில் என்ன சாப்பாடு செய்யலாம் என்று கேட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருப்பத்தில்தான் ஒரு நாட்டுச் சமையல் உயிர் தப்பியது என்று நான் நினைக்கிறேன். கொழுப்பு இல்லாமல் எப்படி வதக்குவது, முட்டை இல்லாமல் எப்படிச் செய்வது என்று வெட்கப்படாமல் தொலைக்காட்சியில் காட்டினார். அவரை அரசாங்கத்தின் ஆள் என்று ஏசியவர்களும் உண்டு. ஏசியவர்களின் வீட்டிலும் அவரின் புத்தகம் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

1959க்கும் 1962க்கும் இடையில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கியூபாக்காரர் அமெரிக்காவுக்குப் போனார்கள். 1965 முதல் 1973 வரை விமானங்களில் இன்னும் இரண்டரை லட்சத்துக்கு மேல். 1980 இல் மாரியேல் துறைமுகத்தால் ஆறு மாத காலத்துக்குள் ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் பேர். பெரும்பாலானவர்கள் இறங்கியது மியாமியில். கொஞ்ச மாதத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து வீட்டுத் திறப்பைக் கையோடு கொண்டுபோனவர்கள் பலர். திறப்பைப் பற்றி எங்கட ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மியாமி நகரின் நடுவில் ஒரு உயர்ந்த கட்டிடம் இருக்கிறது. 1962 முதல் 1974 வரை அதுதான் அகதிகளைப் பதியும் இடம். கியூபாக்காரர் அதைப் 'புகலிடம்' என்றே சொன்னார்கள். அங்கே நிவாரணப் பொதி கிடைத்தது. தகரத்தில் அடைத்த இறைச்சி, பால்மா, முட்டைத்தூள், கட்டிச் சீஸ், நிலக்கடலைப் பசை. இவற்றைக் கண்ணால் கண்டிராத பெண்கள் அதைக் கொண்டுபோய் என்ன செய்தார்கள்? தகர இறைச்சியை வெட்டி, வெங்காயம், உள்ளி, பப்ரிக்கா வதக்கி அதற்குள் போட்டார்கள். சோற்றோடு பரிமாறினார்கள். 'புகலிட இறைச்சி' என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது. அந்தத் தலைமுறை இன்றைக்கும் சிரித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லும். அகதி முகாமில் கிடைத்த பொதியோடு எங்கட தாய்மார் மல்லுக்கட்டியதும் இதே கதைதான். பாணுக்கும் சீஸுக்கும் நடுவில் ஊரில் இருந்து வந்த மிளகாய்த்தூள் எப்படி உதவியது என்று இங்கே முதலில் வந்தவர்களைக் கேளுங்கள்.

காலம் போக மியாமிக்காரர் உழைத்து நிமிர்ந்தார்கள். 1971 இல் 'வெர்சாய்' என்ற உணவகம் எட்டாம் தெருவில் திறந்தது. அது இன்றும் கியூபாக்காரர் கூடி அரசியல் பேசும் இடம். அங்கே மாட்டிறைச்சிக்குக் குறைவில்லை. 'பழைய உடுப்பு' ஒவ்வொரு நாளும் கிடைக்கும். நிற்சா வில்லபோலின் பழைய புத்தகத்தை அவரிடம் கேட்காமலே அங்கே திரும்ப அச்சடித்து விற்றார்கள். புரட்சிக்கு முந்திய பதிப்பைத்தான் ஆக்கள் தேடினார்கள்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஒரே ஆசிரியை, ஒரே புத்தகம். வெளியே போனவர்கள் 1958 இல் இருந்த மேசையை அப்படியே காப்பாற்றினார்கள். உள்ளே நின்றவர்கள் அந்த மேசையில் ஒன்றும் இல்லாத நாளில் என்ன செய்வது என்று படித்தார்கள். இவர்கள் அவர்களைப் பார்த்து "உங்களுக்கு உண்மையான கியூபாச் சாப்பாடு மறந்துபோச்சு" என்றார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து "நீங்கள் சாப்பிடுவது பழைய காலத்துப் பணக்காரச் சாப்பாடு" என்றார்கள். கோடையில் ஊருக்குப் போய் வருகிற எங்கட ஆக்களின் வாயிலும் இப்படிப்பட்ட கதை வருகிறதுதானே. "ஊரில இப்ப ஒருத்தருக்கும் ஒழுங்கா இடியப்பம் அவிக்கத் தெரியாது" என்று.

1990கள்

1990 இல் கியூபா அரசு 'சமாதான காலத்தின் விசேட காலகட்டம்' என்று ஒன்றை அறிவித்தது. அடுத்த வருடம் சோவியத் யூனியன் உடைந்தது. சீனியை நல்ல விலைக்கு வாங்கி எண்ணெயும் உணவும் கொடுத்த நாடு இல்லாமல் போனது. 1993 வரைக்குள் நாட்டின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. பேருந்து ஓட டீசல் இல்லை. சீனாவில் இருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் இறக்கினார்கள். மின்சாரம் வந்து வந்து போனது. சாப்பாடு குறைந்து, நடையும் சைக்கிளும் கூடி, சனத்தின் நிறை சராசரியாக ஐந்து கிலோ அளவில் இறங்கியதாகப் பின்னர் வைத்திய ஆய்வில் எழுதினார்கள். 1991க்கும் 1993க்கும் இடையில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கண் பார்வையும் நரம்பும் பாதிக்கப்பட்டன. பி வகை விற்றமின் இல்லாத சாப்பாடு அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அந்த நாட்களின் இராச்சாப்பாடு என்ன? அரைத்த இறைச்சிக்குள் பெரும் பகுதி சோயா. கோப்பிக்குள் வறுத்த பட்டாணி. கிரேப்புருட் பழத்தின் தடித்த வெள்ளைத் தோலை அவித்து, கசப்பை எடுத்து, உள்ளியும் உப்பும் பூசி இறைச்சித் துண்டு போலப் பொரித்தார்கள். வாழைக்காய்த் தோலைக்கூட அவித்துப் பிய்த்து, 'பழைய உடுப்பு' மாதிரி வதக்கினார்கள். கியூபா அக்கா இதை எனக்குச் சொன்னது சிரித்துக்கொண்டுதான். அவவின் தாய் அப்போது அங்கே. "அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் என்ன சமைச்சா எண்டு எழுதுவா, என்ன இல்லை எண்டு எழுதமாட்டா" என்றா.

அந்தப் பஞ்சத்தில் எங்கட பக்கத்து உதவியும் ஒன்று உண்டு. இந்தியாவில் இடதுசாரிகள் ஊர் ஊராகச் சேர்த்த கோதுமையும் அரிசியும் 1992 இல் கப்பலில் கியூபாவுக்குப் போயின. அக்கா தன் தாயிடம் கேட்டு அறிந்ததில் அதுவும் ஒன்று.

1994 கோடையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வள்ளத்திலும், ரியூப்பைக் கட்டிய மிதவையிலும் கடலில் இறங்கினார்கள். அதே வருட இறுதியில் விவசாயிகள் விளைச்சலைச் சந்தையில் விற்க அனுமதி வந்தது. நகரத்து வெறுங்காணிகளில் கீரையும் தக்காளியும் நட்டார்கள். நிற்சா வில்லபோல் 1998 இல் ஹவானாவில் காலமானார். பிறகு நிலைமை கொஞ்சம் தேறியது. 2020க்குப் பின் திரும்பவும் கீழே போனது. 2021 யூலையில் சனம் தெருவுக்கு வந்தபின், வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கொண்டுவரும் உணவுக்கும் மருந்துக்கும் இருந்த சுங்க வரம்பை அரசு எடுத்தது. மியாமியில் இருந்து போகிறவர்களின் பெட்டிக்குள் அரிசி, பீன்ஸ், எண்ணெய். ஒரு காலத்தில் உண்மையான சாப்பாடு யாருடையது என்று சண்டை பிடித்தவர்கள், கடைசியில் ஒரே சட்டிக்குச் சாமான் சேர்க்கிறார்கள். 2024 ஒக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது தெருவில் விறகு மூட்டிச் சமைத்தார்கள்.

புத்தாண்டு மேசை

கியூபாவில் 1969 இல் நத்தார் விடுமுறையை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடத்துக்கு ஒரு கோடி தொன் சீனி என்ற இலக்கு, கரும்பு வெட்ட ஆள் வேண்டும். இலக்கு எட்டவில்லை. விடுமுறை திரும்ப வந்தது 1997 இல், போப்பாண்டவரின் வருகைக்கு முன்பு. இடையில் இருந்த காலம் முழுவதும் குடும்பம் கூடிச் சாப்பிடும் நாள் டிசம்பர் 31 ஆகியது. வாட்டிய பன்றி இறைச்சி, கறுப்பு பீன்ஸ் சோறு, உள்ளிச் சாறு ஊற்றிய மரவள்ளி. நடுச்சாமத்தில் ஒரு வாளித் தண்ணீரை வாசலுக்கு வெளியே வீசுவார்கள். போன வருடத்துக் கஷ்டம் அதோடு போகட்டும் என்று. நாங்கள் மருத்துநீர் வைத்து முழுகுவதும் இப்படி ஒரு நம்பிக்கையில்தான்.

இந்தக் கதையில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1990களில் கியூபாவில் மட்டும் தடை இருக்கவில்லை. வடக்கிலும் எரிபொருள், சவர்க்காரம், மருந்து, பற்றறி என்று நீண்ட தடைப் பட்டியல் இருந்தது. நான் அப்போது வன்னியில் சின்னப் பிள்ளை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த தேத்தண்ணி, இரவுக்கு அவித்த மரவள்ளியும் சம்பலும், ஒடியல்மாப் பிட்டு, போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா சுட்ட ரொட்டி எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவற்றை எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? எங்கட சமையல் புத்தகங்களில் கல்யாண வீட்டுக் கறியும், பலகாரமும், கோழிப் புக்கையும் நிறைய இருக்கின்றன. இல்லாத நாளில் என்ன செய்தோம் என்பது இல்லை. வறுமையை எழுதுவது வெட்கம் என்று நினைக்கிறோம்.

நிற்சா வில்லபோல் அப்படி நினைக்கவில்லை. அதனால்தான் கியூபாவின் கஷ்டகாலத்து அடுப்படியும் வரலாற்றில் நின்றது. எங்களிடமும் ஒரு உதாரணம் உண்டு. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சி, இப்போது ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் வார்க்கப்படுகிறது. சமையலாகப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. எங்கட வரலாற்றில் அதைவிட முக்கியமான சாப்பாடு எது?

ஆகவே இந்தப் புத்தாண்டுக்கு வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கியூபாச் சாப்பாட்டை ஒருநாள் இரவு செய்து பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அது அடுப்பில் இருக்கும் நேரத்தில் ஊருக்கு ஒரு போன் போட்டு, அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ மாமியிடமோ கேளுங்கள். தடைக்காலத்தில், இடம்பெயர்ந்த காலத்தில், முகாமில், என்ன சமைத்தீர்கள்? எது இல்லாதபோது எதைப் போட்டீர்கள்? எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி? ஒரு கொப்பியில் அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். திகதியும் ஊர்ப் பெயரும் போடுங்கள். ஐந்து வீட்டில் இருந்து ஐந்து கொப்பி வந்தால் அடுத்த வருட மலரில் சேர்த்துப் போடலாம் என்று சங்கத்தாரிடம் கேட்டிருக்கிறேன். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.